டிரைவ் பெட்டியோடு தமிழில் ஒரு தாளும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரணியல் பக்கம் வீட்டோடு சேர்ந்தாற்போல ஒரு லேத் பட்டறை நடத்திவருகிறேன். வயது 57. டர்னர் வேலைக்கு வந்து 38 வருடம் ஆகிறது. அதில் ஒன்பது வருடம் ஷார்ஜாவில் போனது. உங்கள் பத்திரிகையைத் தினமும் வாசிக்கிறேனே தவிர இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. போன வாரம் நடந்த ஒரு காரியம் எழுத வைத்துவிட்டது. சிங்கிள் பேஸ் கரண்டை த்ரீ பேஸாக்கி மோட்டாரை ஓட்டுகிற டிரைவ் என்ற பெட்டியைப் பற்றியது அது.

கருங்கல் பக்கத்திலிருந்து தம்பி ஒருவர் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தன்னிடம் இருக்கும் மில்லிங் மிஷினை (சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்குவது) இரும்பு விலைக்காவது எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். என்ன குறை என்றேன். "மிஷின்ல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. டிரைவ் வாங்கிப் போட்டேன், மோட்டார் நல்லா சுத்துது. இரும்புல கட் குடுத்தா நின்னுபோகுது. நாலு மாசமா பார்த்தாச்சு. அம்மாவுக்க வளையலை வச்சு வாங்கினது, வட்டி ஓடிட்டு இருக்கு" என்றார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: மோட்டார் ஸ்டாரில் இருக்கிறதா, டெல்டாவில் இருக்கிறதா? மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கம்பிச் சுருளை, அதாவது காயிலை, இணைக்கிற இரண்டு விதங்கள் அவை. அவர் முழித்தார். அதை யாருமே அவரிடம் சொல்லவில்லை. மோட்டார் விற்றவரும் சொல்லவில்லை, டிரைவ் விற்றவரும் சொல்லவில்லை.

இந்த ஆறு மாதத்தில் இதே குறையோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் அவர். மூன்று பேருடைய மிஷினிலும் கோளாறு இல்லை. மோட்டாரின் வயிற்றுக்குள் ஒரு முடிச்சை அவிழ்த்தால் தீர்ந்துபோகிற காரியம். அதைச் சொல்ல ஆளில்லாமல் நல்ல மிஷின்கள் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கதையும் இப்படித்தான் தொடங்கியது. 2017இல் கோயம்புத்தூரில் பழைய மிஷின் விற்கிற இடத்தில் ஒரு டர்ரெட் மில்லிங் வாங்கினேன். பட்டறைக்காரர்கள் எம் ஒன் டி ஆர் என்று சொல்கிற வகை. 1,40,000 ரூபாய், லாரி வாடகை தனி. தலையில் 2 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். த்ரீ பேஸ் எடுக்க விசாரித்தேன். மெயின் ரோட்டிலிருந்து இடவழிக்குள் நெடுந்தூரம் போஸ்ட் நட்டு லைன் இழுக்க ஆகும் செலவு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் காட்டிய வழி ஒன்றே ஒன்றுதான்: த்ரீ பேஸ் மோட்டாரைக் கழற்றிப்போட்டு சிங்கிள் பேஸ் மோட்டார் மாட்டு. மாட்டினேன். கழற்றிய மோட்டாரை மட்டும் விற்க மனம் வராமல் சாக்கில் சுற்றி ஒர்க் பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

சிங்கிள் பேஸ் மோட்டாரின் இழுவை ஒரே சீராக இருக்காது. கரண்டு நொடிக்கு 50 சுற்று வருகிறது என்றால் அந்த இழுவை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். தண்ணீர் இறைக்கிற பம்புக்கும் மாவு ஆட்டுகிற கிரைண்டருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. மில்லிங்கில் அப்படி இல்லை. கட்டரின் பல் ஒவ்வொன்றும் இரும்பில் ஏறி இறங்கும்போது இந்த அதிர்வும் சேர்ந்துகொள்ளும். என் வேலையில் தட்டையான முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் காற்று அடித்த மணல்போல அலை அலையாகத் தெரியும். அப்புறம், மில்லிங் என்பது நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற வேலை. கட்டரை மாற்ற, அளந்து பார்க்க என்று ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை சுவிட்சைப் போடுவோம். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட்டிங் கண்டன்சரும், மோட்டாருக்குள் இருக்கிற சென்ட்ரிபியூகல் சுவிட்சும் அடி வாங்கும். நாலரை வருடத்தில் மூன்று கண்டன்சர் வெடித்தது.

2022இல் டிரைவ் வாங்கினேன். வேரியபிள் பிரீக்வென்சி டிரைவ், வி.எப்.டி. என்று சொல்வது. 9,800 ரூபாய். கடையில் சொன்னது இவ்வளவுதான்: "இந்தப் பக்கம் சிங்கிள் பேஸ் குடுங்க, அந்தப் பக்கம் த்ரீ பேஸ் வரும். மோட்டாரை மாட்டினா ஓடும்." பெட்டிக்குள் ஒரு புத்தகம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். பெஞ்சுக்குக் கீழே கிடந்த பழைய மோட்டாரைத் துடைத்து மாட்டி ஓடவிட்டேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சரி என்று ஒரு இரும்புக் கட்டையை வைத்து 2 மில்லி ஆழத்தில் கட் கொடுத்தேன். கட்டர் தொட்டதும் மோட்டார் உறுமியது, வேகம் இறங்கியது, அப்படியே நின்றது. டிரைவில் ஏதோ எழுத்து மின்னியது. கடைக்குப் போன் போட்டால், மோட்டார் பழசு, வைண்டிங் போயிருக்கும், புதுசு வாங்குங்கள் என்றார்கள்.

நல்லகாலம், புதிது வாங்கவில்லை. தக்கலையில் எனக்குத் தெரிந்த ஒரு வைண்டிங் கடை அண்ணாச்சி இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதலில் பார்த்தது மோட்டாரின் பெயர்த்தகட்டை. துணியால் துரு துடைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்: 415 வோல்ட், 3.5 ஆம்பியர், 1415 சுற்று, ஸ்டார். "மோட்டாருக்கு ஒரு கேடும் இல்ல மக்கா. இது ஸ்டாராக்கும், கேட்டியா. 415 குடிச்சு வளந்தவனுக்கு 230 குடுத்தா எங்கெ இருந்து இழுப்பான்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூடியைக் கழற்றி, ரோட்டரை உருவிப் பழைய பனியன் துணிமேல் வைத்தார். காயில் தலைகளைச் சுற்றி நூல் வரிந்து கட்டியிருந்தது. அதன்மேல் வார்னிஷ் தேன் நிறத்தில் இறுகிக் கண்ணாடியாகி இருந்தது. ஹீட் கன்னால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, சவரப் பிளேடால் நூலை மட்டும் அறுத்தார். கம்பியில் பிளேடு படவே இல்லை. விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். மஞ்சள் ஸ்லீவுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முடிச்சு. ஸ்லீவை உருவினால் மூன்று காயிலின் வாலும் ஒன்றாக முறுக்கி ஈயம் வைத்திருந்தது. "இதாக்கும் ஸ்டார் பாயிண்ட்" என்றார். ஈயத்தை உருக்கி மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, மறுபடி நூலால் கட்டி வார்னிஷ் ஊற்றினார். முன்பு மூன்று ஒயர் வந்த டெர்மினல் பெட்டிக்குள் இப்போது ஆறு ஒயர்.

அந்த ஆறையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் டெல்டா இருக்கிறது. ஒவ்வொரு காயிலின் தலைக்கும் 1, வாலுக்கும் 2 என்று குறி போட்டார். முதல் காயிலின் தலை மூன்றாவதின் வாலோடு, இரண்டாவதின் தலை முதலாவதின் வாலோடு, மூன்றாவதின் தலை இரண்டாவதின் வாலோடு. பெட்டிக்குள் கீழ்வரிசையில் யு1, வி1, டபிள்யூ1. மேல்வரிசையில் டபிள்யூ2, யு2, வி2. மேலும் கீழுமாக மூன்று செப்புத் தகடு போட்டால் டெல்டா. மேல்வரிசையைக் குறுக்காகச் சேர்த்தால் பழையபடி ஸ்டார். ஒரு காயிலின் தலையும் வாலும் மாறிப்போனால் மோட்டார் உறுமும், கரண்டை வாரி இழுக்கும். அதனால்தான் குறி போடாமல் ஒயரை வெளியே எடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். மறுநாள் மெக்கர் (கரண்டு கசிகிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்து, 750 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அதே டிரைவில், அதே கட்டையில், அதே 2 மில்லி கட் கொடுத்தேன். சுருள் சுருளாக இரும்பு சீவி விழுந்தது. மோட்டார் வேகம் அசையவில்லை.

ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை. ஸ்டாரில் மூன்று காயிலின் வாலும் ஒன்றாகக் கட்டியிருப்பதால், இரண்டு லைனுக்கு நடுவே இரண்டு காயில் வருகிறது. 415 வோல்ட் கொடுத்தால் ஒரு காயிலுக்குக் கிடைப்பது 240. அதாவது 415ஐ 1.73ஆல் வகுத்தால் வருவது. காயில் சுற்றியிருப்பதே அந்த 240க்குத்தான். சிங்கிள் பேஸில் ஓடுகிற டிரைவ் வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ். அதை ஸ்டாரில் கொடுத்தால் காயிலுக்குப் போவது 133 வோல்ட். வோல்ட் பாதியளவுக்கு இறங்கினால் இழுவை அதைவிட மோசமாக, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மோட்டார் சும்மா சுற்றும்போது அது தெரியாது. கட் கொடுக்கும்போதுதான் தெரியும். டெல்டாவில் ஒவ்வொரு காயிலும் நேராக இரண்டு லைனுக்கு நடுவே உட்கார்வதால் 230 முழுசாகக் கிடைக்கும். அப்போது லைனில் கரண்டு 1.73 மடங்கு கூடும். என் மோட்டாருக்கு 3.5 ஆம்பியர், 6 ஆம்பியர் ஆனது. டிரைவ் வாங்கும்போது எச்.பி.யை மட்டும் பார்க்காமல் இந்த ஆம்பியரைத் தாங்குமா என்று பார்ப்பது இதற்காகத்தான். சிங்கிள் பேஸ் பக்கம் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். 2 எச்.பி. டிரைவ் நிறை சுமையில் 15 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். வீட்டு பிளக் பாயிண்டில் மெல்லிய ஒயரில் மாட்டுகிற சாமான் அல்ல அது. மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி. (கரண்டு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) போட வேண்டும், அனுமதிக்கப்பட்ட லோடும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வைத்தியம் எல்லா மோட்டாருக்கும் பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகட்டில் ‘டெல்டா 415’ என்று இருந்தால், காயிலே 415க்குச் சுற்றியது. 3 எச்.பி.க்கு மேல் போகப்போக அப்படித்தான் நிறைய வரும். அதற்கு 230 வோல்ட் டிரைவ் உதவாது. ஏற்கெனவே த்ரீ பேஸ் இணைப்பு உள்ளவர்கள் 415 வோல்ட் டிரைவ் வாங்கினால் மோட்டாரைத் தொடவே வேண்டாம், தகட்டில் உள்ளபடியே இருக்கட்டும். சிங்கிள் பேஸ் கண்டன்சர் மோட்டாரை டிரைவில் மாட்டி வேகம் குறைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, கண்டன்சரும் போகும், டிரைவும் போகும்.

டிரைவ் என்றதும் சிலர் இது ஏதோ நமக்கு எட்டாத சாமான் என்று பயப்படுகிறார்கள். இன்வெர்ட்டர் ஏ.சி. வைத்திருக்கிற வீடு ஒவ்வொன்றிலும் இதே சங்கதிதான் உள்ளே ஓடுகிறது. வருகிற ஏ.சி. கரண்டை முதலில் டி.சி.யாக்கும். 230 வோல்ட் ஏ.சி. அங்கே 325 வோல்ட் அளவுக்கு டி.சி.யாகிப் பெரிய கப்பாசிட்டரில் நிற்கும். அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, நாம் கேட்கிற ஹெர்ட்ஸில் மூன்று பேஸாக வெளியே விடும். ஹெர்ட்ஸைக் குறைத்தால் வேகம் குறையும், அதே கணக்கில் வோல்ட்டையும் அதுவே குறைத்துக்கொள்ளும். நம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். ஏறியும் இறங்கியும் அடிக்கிற காற்றில் வருகிற கரண்டை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர, புதுவகைக் காற்றாலைகளில் இதே இனத்துச் சாதனம்தான் இருக்கிறது.

வேலையில் என்ன மாறியது என்று கேட்டால் குளச்சலிலிருந்து வருகிற ஷாப்டைத்தான் சொல்வேன். விசைப்படகின் புரொப்பல்லர் ஷாப்ட், 50 மில்லி, எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகு. அதில் 14 மில்லி அகலம், 5.5 மில்லி ஆழத்துக்குக் கீவே, அதாவது சாவிக்கட்டை உட்காரும் பள்ளம், வெட்ட வேண்டும். எஸ்.எஸ். ஒரு பிடிவாதமான உலோகம். கட்டர் ஒரு நொடி வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் இறுகிப்போகும்; அடுத்த பல் அதில் மோதி மழுங்கும். நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகம் வைத்தால், 14 மில்லி எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டருக்கு 340 சுற்று வேண்டும். என் மிஷினில் பெல்ட் மாட்டுகிற புல்லியின் ஒரு படியில் வருவது 250 சுற்று, அதற்கு அடுத்ததில் 390. முன்பெல்லாம் 390இல் வைத்துக் கட்டரை எரிப்போம், இல்லை 250இல் வைத்து நேரத்தைக் கொல்லுவோம். இப்போது பெல்ட்டை 390இல் போட்டு, டிரைவில் உள்ள நாபை (திருகு குமிழ்) 44 ஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் சரியாக அங்கே வந்து நிற்கிறது. கட்டர் கீச்சிட ஆரம்பித்தால் இரண்டு ஹெர்ட்ஸ் இப்படியோ அப்படியோ திருப்புவேன், கீச்சு அடங்கிவிடும். கடலுக்குப் போகாமல் ஷாப்டுக்காகப் படகு கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மீனவர்களுக்கு நஷ்டம். முன்பு ஒரு கீவேக்கு அரை நாள் சொல்லுவேன். இப்போது டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடிகிறது.

ஆனால் நாப் வந்துவிட்டது என்று பெல்ட்டை மறந்துவிடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரைவ் போட்டவர்கள் பாதிப்பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பெல்ட்டைச் சின்ன வேகத்துக்கு மாற்றினால் வேகம் குறையும், அதற்குப் பதிலாக இழுவை கூடும். நாபில் குறைத்தால் வேகம் மட்டும்தான் குறையும், இழுவை கூடாது. 10 ஹெர்ட்ஸில் 2 எச்.பி. மோட்டாரிடம் உங்களுக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு மோட்டாரின் விசிறி அதே ஷாப்டில் இருப்பதால் அதுவும் மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடேறும். பெரிய கட்டர் போட்டு நெடுநேரம் ஓட்டுகிற வேலைக்குப் பெல்ட்டை மாற்றுவதே சரி. 50க்கு மேலே போனால் இழுவை இறங்கும். அலுமினியத்துக்கு நான் 65 வரை போவேன், அதற்கு மேல் போனதில்லை.

இனி, தெரியாமல் நடந்த தவறுகள். மார்த்தாண்டம் பக்கம் என் நண்பர் ஒருவர் மோட்டாரை டெல்டாவாக்கி எல்லாம் சரியாகவே செய்தார். மிஷினில் ஏற்கெனவே இருந்த பார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சை மட்டும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படியே விட்டுவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் ரிவர்ஸில் தள்ளினார். ஒரு சத்தம், டிரைவ் முடிந்தது. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் நடுவே சுவிட்ச், ஸ்டார்ட்டர், கண்டன்சர் எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பழைய சுவிட்சைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதிலிருந்து இரண்டு சின்ன ஒயரை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்குக் கொண்டுபோனால் அதே கைப்பிடியில் முன்னும் பின்னும் ஓட்டலாம். டிரைவே மெதுவாக நிறுத்தித் திருப்பும். என் மிஷினில் அப்படித்தான் இருக்கிறது. துளைக்குள் மரை வெட்டுகிற டேப் வேலைக்கு அது பெரிய வசதி. லேத்தில் டிரைவ் போடுகிறவர்கள், சக் (வேலையைப் பிடிக்கும் வாய்) மரையில் ஏற்றிய வகை என்றால், திடீரென்று நிற்கவும் திரும்பவும் வைக்காதீர்கள். சக் கழன்று வந்துவிடும்.

இன்னொன்று என் கண்முன்னே நடந்தது. என்னிடம் வேலை பழகிய பையன் மெயினை அணைத்துவிட்டு உடனே டிரைவ் மூடியைக் கழற்றினான். "ஆப் பண்ணியாச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டான். பளீரென்று ஒரு வெளிச்சம். ஸ்க்ரூ டிரைவர் நுனி உருகி உருண்டை ஆகிவிட்டது. கை தப்பியது தெய்வாதீனம். நான் சொன்னேனே, 325 வோல்ட் கப்பாசிட்டரில் நிற்கும் என்று, அது மெயினை அணைத்த பிறகும் பல நிமிடம் நிற்கும். லைட் அணைந்து, பத்து நிமிடம் பொறுத்து, மீட்டரை டி.சி.யில் வைத்துப் பார்த்த பிறகுதான் கைவைக்க வேண்டும். அந்த உருகிய ஸ்க்ரூ டிரைவரைப் பட்டறைச் சுவரில் டிரைவ் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

எர்த் விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் பரவி வருகிறது. டிரைவ் போட்டதும் வீட்டிலுள்ள ஆர்.சி.சி.பி. (கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் அணைக்கிற சுவிட்ச்) சில நேரம் தட்டிவிடும். டிரைவுக்குள் இருக்கும் பில்டர் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடுவதால் அப்படி. உடனே சிலர் எர்த் ஒயரைக் கழற்றிவிடுகிறார்கள், தட்டுவது நின்றுவிடுகிறது. அப்புறம் மிஷின் உடம்பில் கைவைத்தால் ஷாக். ஈரத் தரையில் வெறும் காலோடு நின்று வேலை செய்கிற ஊர் இது. எர்த்தைக் கழற்றுவது உயிரைக் கழற்றுவதற்குச் சமம். டிரைவ் லைனைத் தனியாகப் பிரித்து, அதற்கேற்ற பாதுகாப்புப் போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாகவும் சில உண்டு. ஆடிக் காற்றில் மணலும் உப்பும் சேர்ந்து வரும். கடலோரப் பட்டறையில் டிரைவைத் திறந்து வைத்தால் ஒரு வருடத்தில் போர்டில் பச்சைப் பூக்கும். மூடிய பெட்டியில், மேலும் கீழும் காற்றுப் போக இடம் விட்டு, கூலன்ட் தெறிக்காத உயரத்தில் செங்குத்தாக வைக்க வேண்டும். காற்றுத் துளையில் வலை போடுங்கள். என் பெட்டியில் சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி ஒன்று டெர்மினலில் கருகிக் கிடந்ததை நானே எடுத்தேன். ஐப்பசி இடிக்கும் சித்திரை இடிக்கும் மெயினை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது சர்ஜ் பாதுகாப்புப் போடுங்கள். கரண்டு போய்த் திரும்ப வரும்போது மிஷின் தானாக ஓடத் தொடங்காதபடி டிரைவில் செட்டிங் வைக்க முடியும். கட்டரில் கையை வைத்துப் பிசிறு எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்டு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண்டன்சரைப் போட்டு டூ பேஸில் மோட்டார் ஓட்டுவது நம் விவசாயிகளுக்குப் பழக்கம்தானே, அதையே செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். பம்பு ஒரே சுமையில் ஓடுவது, அதற்கு ஒப்பேறும். மில்லிங்கில் சுமை நொடிக்கு நொடி மாறும், அதற்கு ஒத்துவராது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். டிரைவ் விற்கிற கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பெட்டியோடு தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். ஆங்கிலப் புத்தகம் இருக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குகிறவர்களில் வெல்டிங் பட்டறையில் எடுபிடியாக நின்று தொழில் பழகியவர்கள்தான் அதிகம். அந்தத் தாளில் முதல் வரியாக, மோட்டார் தகட்டில் ஸ்டாரா டெல்டாவா என்று பார், 415 ஸ்டார் என்றால் ஆறு ஒயர் எடுத்து டெல்டாவாக்காமல் சிங்கிள் பேஸ் டிரைவில் மாட்டாதே என்று இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் டெர்மினல் பெட்டியின் படம். அப்புறம் டிரைவில் முதலில் வைக்க வேண்டிய எண்கள்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மோட்டாரின் டெல்டா ஆம்பியர், அதன் சுற்று, வேகம் ஏற மூன்று நொடி, இறங்க மூன்று நொடி. ஆம்பியரைச் சரியாக வைத்தால்தான் சுமை மீறும்போது டிரைவ் மோட்டாரைக் காப்பாற்றும். பலர் அதைத் தொடுவதே இல்லை. பத்து நிமிடக் காத்திருப்பையும் எர்த்தையும் சிவப்பு எழுத்தில் போடுங்கள். ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குள் இவ்வளவும் அடங்கும். எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நாகர்கோவில் கோணம் என்ற இடத்தில் அரசு ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் தொழிற்பேட்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு, பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு மோட்டாரைத் திறந்து ஸ்டார் பாயிண்டைக் கண்ணால் காட்டினால் போதும். பெரிய வகுப்பு வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். தக்கலை அண்ணாச்சியைப் போன்ற கைகாரர்களை வரவழைத்து, அவர்கள் நூலை அறுக்கிறதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அவருக்குப் பிறகு அந்தக் கடையில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில்.

உங்களிடம் நான் கேட்பது, நான் எழுதிய தாளை வெளியிட முடியுமா என்பது. இரண்டு பக்கம், கையெழுத்துப் பிரதி. அண்ணாச்சி வாசித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் என் தவறைத் திருத்திக் கொடுத்தார். டெர்மினல் பெட்டியின் படத்தைப் பிளஸ் டூ படிக்கிற என் மகள் ஸ்கேல் வைத்து வரைந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இடமில்லை என்றால் படத்தை மட்டுமாவது போடுங்கள். பட்டறைச் சுவரில் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

கருங்கல் தம்பியின் மோட்டார் இப்போது தக்கலையில் அண்ணாச்சி கடை வாசலில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் நானும் போய் மாட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை நடத்தும் வாசகர்,
இரணியல், கன்னியாகுமரி மாவட்டம்.